தீப்பிடிக்கும் முன்பே சோதித்துப் பாருங்கள்!

2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை அடையாற்று வெள்ளம் சூழ்ந்தபோது, மீட்புப் படையினருடன் உள்ளூர் இளைஞர்களும் களமிறங்கினார்கள். தீ விபத்திலும் அப்படித்தான். 101-க்குத் தகவல் சொல்லி, வண்டி வந்து சேரும்வரை வைக்கோல்போரைக் காக்க வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தார்தான். ஆள் இருந்தால் மட்டும் போதாது. கருவியும் தயாராக இருக்க வேண்டும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே 14-ம் தேதி, பருத்தியும் வெடிபொருளும் ஏற்றிய கப்பல் பம்பாய் துறைமுகத்தில் வெடித்தது. தீயை அணைக்கப் போன வீரர்கள் பலர் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகவே இந்த வாரம்.

அந்த வாரத்தில் ஊர்த் தன்னார்வலர்கள் பார்க்க வேண்டியவை: ஆயில் இன்ஜின் உடனே கிளம்புகிறதா? ஓஸ் குழாயில் ஓட்டை இருக்கிறதா? தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா? மணல் வாளி நிறைந்திருக்கிறதா? தெருவுக்குள் தீயணைப்பு வண்டி நுழைய முடியுமா?

மின்மோட்டாரில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்.