ஈயத்துக்குள் போன தங்கம்

ஒரு தங்கத் துண்டையும் ஈயத் துண்டையும் இறுக்கிச் சேர்த்து, சூடே படுத்தாமல் அலமாரியில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றுதானே சொல்வீர்கள்?

லண்டன் அரச நாணயச் சாலையின் வேதியியலாளர் வில்லியம் ராபர்ட்ஸ்-ஆஸ்டின் இதைச் செய்தே பார்த்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், தங்கத்தையும் ஈயத்தையும் ஒட்டவைத்து, சாதாரண அறை வெப்பத்தில் நான்கு ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு ஈயத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துச் சோதித்தார். உள்ளே தங்கம் இருந்தது! எதுவும் உருகவில்லை. கெட்டியான உலோகத்துக்குள்ளேயே தங்க அணுக்கள் நடந்து போயிருக்கின்றன. என்ன அருமையான பொறுமை, பாருங்கள்!

எப்படிப் போயின? உலோகத்தில் அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் சிறு பிள்ளை இடுக்கில் புகுந்து ஓடுவதுபோல, ஈய அணுக்களின் இடைவெளியில் தங்க அணு நழுவி நழுவி முன்னேறுகிறது.

ஆனால் தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகத்தில் அணுக்கள் இப்படி நகர்வது அவ்வளவு சுலபமில்லை. பக்கத்தில் ஓர் அணுவின் இடம் காலியானால்தான் அடுத்த அணு அங்கே தாவ முடியும். அறை வெப்பத்தில் அந்தத் தாவல் மிக மிக அரிது. உலையில் சூடேறும்போதுதான் வேகம் பிடிக்கும்.