மலைக்கு மேற்கே ஒரு வீடு

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையின் கிழக்கு முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அருணாசலேசுவரர் கோயில், 217 அடி உயர ராஜகோபுரம், தேரடி வீதி, கடைத்தெரு, விடுதிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். செங்கம் சாலையில் மேற்கே போய், ரமணாசிரமத்தைத் தாண்டி, கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரிகிற இடத்துக்கு அப்பால் போனால் வேறொரு திருவண்ணாமலை தொடங்குகிறது. அத்தியந்தல், அடிஅண்ணாமலை, வேடியப்பனூர், கணத்தம்பூண்டி என்று சின்னச் சின்ன ஊர்கள். இடையிடையே நெல் வயல், மல்லாட்டைக் கொல்லை, பனைவரிசை, ஏரிக்கரை.

இந்த ஊர்களில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரு புதுவகை வீடு முளைத்து வருகிறது. ஓட்டுக் கூரையோ கீற்றுக் கூரையோ போட்ட சிறிய வீடு. முன்னால் ஒரு திண்ணை, வாசலில் வேப்பமரம், மொட்டைமாடி இருந்தால் அது மலையைப் பார்த்தபடி. கார்த்திகை தீபம் தொடங்கி மாசி வரை இவற்றுக்கு நல்ல கிராக்கி. சென்னை, பெங்களூரு, ஐதராபாத் குடும்பங்கள் சில நாட்களுக்கு எடுக்கின்றன. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறவர்கள் மாதக்கணக்கில் எடுக்கிறார்கள். சந்தடியில்லாத இடம், மலை தெரியும் சன்னல், காலையில் மயிலின் அகவல். வாடகைக்கு வருகிறவர்கள் தேடுவது இவ்வளவுதான்.

இந்தத் தேடலுக்கு ஏறக்குறைய தொண்ணூறு வயது. 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுப் பையனாக இந்த ஊருக்கு வந்த ரமணர், மலைமேல் விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் இருந்துவிட்டு, 1922இல் தாயார் மறைந்த பிறகு அடிவாரத்துக்கு இறங்கினார். அவரைப் பற்றி பால் பிரண்டன் எழுதிய நூல் 1934இல் லண்டனில் வெளியானதும் மேல்நாட்டார் வரத் தொடங்கினார்கள். அந்த நூலைப் படித்துவிட்டு 1935இல் வந்தவர் ஆங்கிலேய ராணுவத்தில் மேஜராக இருந்த சாட்விக். ஆசிரமத்துக்குள்ளேயே தனக்கென ஒரு சிறு குடில் கட்டிக்கொள்ள அனுமதி பெற்றார். 1962இல் இறக்கும்வரை அவருக்கு இதுவே ஊர். அடுத்த ஆண்டு வந்த எஸ்.எஸ். கோஹன், ஆசிரமத்துக்கு மேற்கே பலாக்கொத்துத் தோப்பில் மண்சுவர் வைத்து ஒரு குடிசை எழுப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது ஆர்தர் ஆஸ்போர்ன் சயாமில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்தார். அவருடைய மனைவியும் மூன்று குழந்தைகளும் அந்த ஆண்டுகளை இந்த அடிவாரத்தில்தான் கழித்தார்கள். போருக்குப் பின் குடும்பத்தோடு சேர்ந்த ஆஸ்போர்ன், 1964இல் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கினார். இன்று வாடகை வீடு தேடி அடிஅண்ணாமலைச் சந்துகளில் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் எல்லோரும் இவர்கள் போட்ட தடத்தில்தான் வருகிறார்கள்.

மேற்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மலை கிழக்கே இருப்பதால் இங்கே சூரியன் தாமதமாகத்தான் தலைகாட்டும். ஊர்ப்பக்கம் நன்றாக விடிந்து, பால்காரர் வந்துபோய், பள்ளிக்கூட வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகும் அடிவாரத்து வயல்களில் மலையின் நிழல் படுத்திருக்கும். மார்கழியில் வரப்பிலுள்ள பனி உலர நேரமாகும். அதற்கு ஈடாக மாலை நீளமானது. சாய்ந்த வெயில் நேராகப் பாறைகளில் விழும்போது மலை செம்மண் நிறத்துக்கு மாறும். 2,668 அடி உயரமுள்ள இந்த மலை நின்று பார்க்கும் இடத்துக்கு ஏற்ப உருவம் மாறக்கூடியது. கோயில் பக்கமிருந்து ஒற்றைக் கூம்பாகத் தெரிவது, குபேர லிங்கத்தை ஒட்டி வரும்போது ஐந்து முகடுகளாக விரிகிறது. அதைப் பஞ்சமுக தரிசனம் என்கிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் சுற்றி முடிப்பதிலேயே கவனமாக இருக்கிறவர்கள் இந்த மாற்றத்தை நின்று பார்ப்பதில்லை. பல நாள் தங்குகிறவருக்குத்தான் அது வாய்க்கிறது.

அடிஅண்ணாமலைக்குப் போனால் கோயில் வாசலில் சற்று உட்கார வேண்டும். ஆதி அருணாசலேசுவரர் கோயில் இது. பெரிய கோயிலில் பாதிக்குப் பாதிகூட இருக்காது, கூட்டமும் இல்லை. பக்கத்தில் கிரிவலப் பாதையிலேயே மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை திருவண்ணாமலையில் பாடப்பெற்றது என்பது மரபு. மார்கழி விடியலில் இந்தப் பக்கத்து ஊர்களில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். அமைதியை எதிர்பார்த்து வந்த விருந்தினருக்கு முதல் நாள் அது தொந்தரவாகத் தோன்றலாம். ஆனால் அது அந்த ஊரின் வழக்கம். தங்க வந்தவர்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

வீட்டைச் சுற்றியிருக்கும் வயலும் வெறும் காட்சிக்காக இருப்பதல்ல. திருவண்ணாமலை மாவட்டம் மல்லாட்டைக்குப் பேர்போனது. தெற்கத்தியார் கடலை என்பதை இங்கே யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆடியில் மழையை நம்பி விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பிடுங்கலாம். கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் மார்கழி, தையில் விதைத்துப் பங்குனி, சித்திரையில் இன்னொரு வெள்ளாமை எடுப்பார்கள். பிடுங்கிய செடிகளைக் கட்டுக்கட்டாக மரத்தடியில் போட்டு, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்வார்கள். ஒரு கையில் செடியைத் தலைகீழாகப் பிடித்து, மறுகையால் வேரிலிருந்து ஒரே இழுப்பில் காயைப் பறித்துக் கூடையில் போடும் வேகத்தைக் கண்ணால் பின்தொடர்வது கடினம். ஆய்ந்த அளவுக்கு ஏற்பக் கூலி என்பதால் பேச்சு நிற்காவிட்டாலும் கை நிற்காது. விரல் நுனிகளில் ஈர மண் ஏறி நகக்கண் கறுத்துவிடும். காய் களத்துக்குப் போகும், கொடி மாட்டுக்கு. வேலி ஓரமாக நடந்துபோகிறவரைப் பார்த்து “இன்னா சாமி, மல்லாட்ட வேணுமா?” என்று ஒரு கை அள்ளி நீட்டுவார்கள். திருவண்ணாமலையில் வெளியூர்க்காரர் எவரானாலும் சாமிதான். பச்சைக் காயை உப்புப் போட்டு அவித்துத் தின்ன வேண்டும். கடையில் வாங்கும் வறுத்த பருப்புக்கு அந்த ருசி கிடையாது.

வெயில் காலத்தில் விருந்தினர் குறைவு. நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலுக்கு அஞ்சி அவர்கள் போய்விடுகிறார்கள். பாரதம் நடப்பது அந்த மாதங்களில்தான் என்பது வருத்தமான பொருத்தம். திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவு விடியவிடியத் தெருக்கூத்து. கடைசியில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம், பிறகு தீமிதி. தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை இந்த மாவட்டத்து ஊர். ஒரு இரவு கூத்துப் பார்க்க வாய்த்தவருக்கு இந்த ஊர்கள் ஆன்மிகத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பது தெரியும்.

இனி மலை. இன்று கிரிவலப் பாதையின் உட்பக்கம் பச்சையாக இருக்கிறதே, அது இயற்கையாகத் தங்கியிருந்த காடு அல்ல. பழைய புகைப்படங்களைப் பார்த்தால் பாறையும் புல்லும்தான் தெரியும். ரமணர் மலைமேல் இருந்த காலத்தில் சிறுத்தை நடமாடியதாக அடியார்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் விறகு வெட்டு, மேய்ச்சல், ஆண்டுதோறும் தீ என்று மலை மொட்டையானது. 1988இல் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் தொடங்கியது. அதன் பிறகு வேறு அமைப்புகளும் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து நட்டார்கள். இந்த வறண்ட மண்ணுக்கு உரிய உள்ளூர் மரங்களின் விதையைத் தேடி எடுத்து, நாற்றங்காலில் வளர்த்து, வடகிழக்குப் பருவமழையை ஒட்டித் தலையில் சுமந்து மேலேற்றினார்கள்.

நடுவதைவிடக் காப்பது கடினமான வேலை. மாசிக்குப் பிறகு மலையிலுள்ள உயரமான வாசனைப்புல் காய்ந்து சருகாகிவிடும். அதன் எண்ணெய்ப் பசை காரணமாக ஒரு பீடித் துண்டு போதும், காற்று வாட்டத்தில் ஒரு முகடு முழுவதும் பற்றிக்கொள்ள. பத்து ஆண்டு வளர்ந்த கன்று ஒரு மாலையில் போய்விடும். அதற்காகக் கோடை தொடங்கும் முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். ஆட்கள் வரிசையாக நின்று, சரிவில் மேலிருந்து கீழாகப் புல்லை அடியோடு அறுத்து, அகலமான பட்டையாக வெறும் மண் தெரியும்படி விடுவார்கள். தீ அதுவரை வந்தால் தின்ன ஒன்றுமில்லாமல் நிற்கும். நின்றுவிடும் என்று எப்போதும் சொல்ல முடியாது. அப்போது பச்சைத் தழைகளை ஒடித்து அடித்துத்தான் அணைக்க வேண்டும். பாறைச் சரிவில் தீயணைப்பு வண்டி ஏற முடியாது. கணத்தம்பூண்டியில் 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் காடு வளர்ப்பிலும் இந்தத் தீ வேலையிலும் ஆண்டுதோறும் பங்கெடுக்கிறார்கள். வாடகை வீட்டின் மொட்டைமாடியிலிருந்து தெரியும் பசுமைக்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. விளம்பரத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை என்பது நியாயமில்லை.

காடு திரும்பியதும் புள்ளிமான்களும் பெருகின. கோடையில் தண்ணீர் தேடிப் பாதையோரம் இறங்கும்போது தெருநாய்களிடம் மாட்டிச் சாகின்றன. மானுக்கும் குரங்குக்கும் பிஸ்கட் போடுவதை அன்பு என்று நினைப்பவர்கள் அவற்றை நாய்க்கும் வண்டிக்கும் அருகில் அழைத்து வருகிறார்கள்.

மழையும் இந்த நிலத்தைச் சும்மா விடுவதில்லை. மலையில் விழும் நீர் ஓடைகளாக இறங்கி அடிவாரக் குளங்களையும் ஏரிகளையும் நிரப்பும்படி முன்னோர் அமைத்தார்கள். தென்மேற்கே சமுத்திரம் ஏரி அப்படிப்பட்டது. பூமிக்குக் கீழே கடினப் பாறை. விரிசல்களில் தேங்குகிற நீர் மட்டுமே கிணற்றுக்கும் போருக்கும் ஆதாரம். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும். ஓடையின் குறுக்கே ஒரு சுற்றுச்சுவர் எழும்பினால், அதன் விளைவு கீழேயுள்ள கொல்லைக்காரரின் கிணற்றில் அடுத்த கோடையில் தெரியும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையின் நகரப் பக்கச் சரிவில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்களை மலையேற அனுமதிக்கவில்லை. சரிந்த அந்த இடத்தில் வீடு கட்டியிருந்தவர்கள் ஓய்வெடுக்க வந்த வசதியானவர்கள் அல்ல. ஊருக்குள் இடம் வாங்க முடியாத ஏழைகள்.

சமதளத்து நிலம் விலையேறியதற்கும் ஏழை மேட்டுக்கு ஏறியதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது. இன்று செங்கம் சாலையிலும் கிரிவலப் பாதையின் வெளிப்பக்கத்திலும் வயல்கள் மனைகளாகின்றன. எல்லைக்கல் நட்ட நிலத்தில் வண்ணக் கொடிகள், தமிழோடு தெலுங்கிலும் விளம்பரப் பலகைகள். 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து தினசரி ரயில் வருகிறது. வரவேண்டிய ரயில்தான் அது. ஏழை பக்தருக்கு எவ்வளவோ உதவி. கூட்டம் பெருகுவது குற்றமல்ல. அமைதிக்காக வருகிறவர்களின் பணமே ஏரிக்கால்வாயை அடைத்து, வயலை மனையாக்கிவிட்டால், அடுத்தவருக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் கேள்வி. இதில் ஊராட்சிக்கும் நகரமைப்பு அலுவலகத்துக்கும் கடமை உண்டு. வாடகைக்கு எடுக்கிறவருக்கும் ஓரளவு அதிகாரம் உண்டு, அவர் பேரம் பேசும்போது கேட்கும் கேள்விகள் மூலமாக.

அறை எத்தனை, இணைய வசதி உண்டா என்பதோடு இவற்றையும் கேட்கலாம். தண்ணீர் கிணறா, போரா, லாரியா? கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, நிறைந்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்? குப்பையை யார் எடுக்கிறார்கள், அல்லது பின்பக்கம் கொளுத்துகிறார்களா? வீட்டு இடம் ஓடைப் புறம்போக்கை ஒட்டியதா? சமையலுக்கும் தோட்டத்துக்கும் அந்த ஊர் ஆட்கள் வருகிறார்களா? நான்கு பேர் கேட்டால் ஐந்தாவது வீடு கட்டுகிறவர் யோசிப்பார்.

போவதற்கு நல்ல காலம் தீபக் கூட்டம் கலைந்த பிறகு, மார்கழி நடுவிலிருந்து மாசி வரை. பௌர்ணமியை ஒட்டிய இரண்டு நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கிரிவலப் பாதையில் வாகனம் விட மாட்டார்கள், மேற்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேரவே சுற்ற வேண்டியிருக்கும். இரவில் வரப்பில் நடக்கும்போது கையில் டார்ச் விளக்கு கட்டாயம் வேண்டும். மல்லாட்டைக் கொல்லையில் எலி உண்டு, எலியைத் தேடிக் கண்ணாடி விரியனும் வரும். வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழையக் கூடாது. ரமணாசிரமத்துப் பின்வாசலிலிருந்து கந்தாசிரமத்துக்குக் கற்கள் பாவிய பாதை பகலில் திறந்திருக்கும். காலையிலேயே ஏறிவிட்டால் பெரிய கோயிலின் கோபுரங்கள் முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் கிழக்கே செஞ்சிக் கோட்டை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். மேற்கே தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டிய சாத்தனூர் அணை அதைவிடக் கொஞ்சம் கிட்டே.