வீடு மாறும் நாளில் கைகொடுக்கும் முறை

வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் வாடகை வீடு மாறும் குடும்பங்கள் பல, நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் நம்பியே சாமான் கட்டுகின்றன. துறைமுகம், மீன்பிடித் தொழில், ஆலை வேலை ஆகியவற்றில் வரும் வருமானத்தில், சாமானைக் கட்டி ஏற்றி இறக்கித் தரும் நிறுவனங்களின் கட்டணம் பெரிய தொகை. பழைய வீட்டு அட்வான்ஸ், சாவியைக் கொடுத்த பிறகே கைக்கு வரும். புது வீட்டு அட்வான்ஸை அதற்கு முன்பே கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த அளவுக்குள் இருந்தாலும், இரண்டு அட்வான்ஸுக்கு நடுவே குடும்பத்தின் கை இறுகிப்போகிறது. அப்போது தோள் கொடுக்க வருகிறவர்களிடம் நடந்துகொள்ள ஒரு முறை இருக்கிறது. வருகிறவர்களுக்கும் அப்படி ஒரு முறை இருக்கிறது.

நாள் குறிப்பது

பள்ளி விடுமுறையான மே மாதமும், ஆடி பிறப்பதற்கு முந்தைய வாரங்களும் வீடு மாறுவதற்கு ஏற்ற காலம் என்று கருதப்படுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்கள் பெரும்பாலும் புது வீட்டில் பால் காய்ச்சுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மெத்தையும் பீரோவும் நனையும் என்பதால் அந்த மாதங்களையும் தவிர்க்கப் பார்ப்பார்கள். பால் காய்ச்ச நல்ல நேரம் விடியற்காலையில் வந்தால், அதை வீட்டார் மட்டும் முடித்துவிட்டு, சாமான் ஏற்றும் வேலையை வேறு நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, சாமி படம் ஆகியவை முதலில் போய்விட்டால், மற்றவற்றை நண்பர்களுக்குத் தோதான நேரத்தில் கொண்டுபோகலாம்.

அந்தத் தோதான நேரம் எது என்பதை அவர்களுடைய வேலை முடிவு செய்கிறது. ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவரைக் காலை எட்டு மணிக்கு பீரோ தூக்கக் கூப்பிடுவது முறையல்ல. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் காசிமேட்டு நண்பர்கள் கரையில்தான் இருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு வருமானம் இல்லாத காலமும் அதுதான். அவர்களில் ஒருவருக்கு அன்று வேறு கூலி வேலை கிடைத்தால், அவரை விட்டுவிடுவதே நட்பு.

கேட்பதும் மறுப்பதும்

ஒரு வாரம் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும். எந்த மாடியிலிருந்து எந்த மாடிக்கு, படிக்கட்டின் அகலம் என்ன, பீரோ எத்தனை, கட்டில் எத்தனை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘கொஞ்சம் சாமான்தான்’ என்று கூப்பிட்டு, வந்த பிறகு மூன்றாம் மாடியைக் காட்டுவது நம்பிக்கையைக் கெடுக்கும். முதுகுவலி உள்ளவரையும் வயதானவரையும் கனமான வேலைக்குக் கேட்கவே கூடாது.

வர முடியாதவர் கேட்ட அன்றே சொல்லிவிடுவது மரியாதை. வருவதாகச் சொல்லிக் காக்கவைப்பதுதான் தவறு. தூக்க முடியாதவர் வண்டி பேசித் தரலாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், மதியச் சாப்பாடு செய்து அனுப்பலாம். புது வீட்டைக் கழுவிக் கோலம் போட்டு வைக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் உதவி, கட்டில் தூக்கிய தம்பியின் உதவிக்குக் குறைந்ததல்ல.

வருவதற்கு முன் வீட்டார் வேலை

நண்பர்கள் வாசலில் வந்து நிற்கும்போது பாத்திரம் மூட்டை கட்டப்பட்டிருக்க வேண்டும். பீரோ காலியாக, கதவு கயிற்றால் கட்டப்பட்டு நிற்க வேண்டும். தண்ணீர் டிரம் வடிக்கப்பட்டிருக்க வேண்டும். கிரைண்டரின் கல் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். நகை, ரேஷன் கார்டு, சான்றிதழ்கள், அடகுச் சீட்டு, மருந்து ஆகியவற்றை வீட்டார் தங்கள் கையில்தான் கொண்டுபோக வேண்டும். ஏதாவது காணாமல் போனால் நண்பர்மேல் சந்தேகத்தின் நிழல்கூட விழாமல் இருக்க அது ஒன்றே வழி.

வண்டி

தெருவுக்குள் நுழையக்கூடிய வண்டி என்றால் பலர் ‘குட்டி யானை’ எனப்படும் சிறு சரக்கு வண்டியைப் பேசுகிறார்கள். மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டி சந்துக்குள் போகும், ஆனால் அதற்குப் பதிவும் காப்பீடும் இல்லாததால் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு கேட்க வழியில்லை. எந்த வண்டியானாலும் சாமான்மேல் நண்பர்களை உட்காரவைத்து அனுப்பக் கூடாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் இது உயிரோடு விளையாடுவது. வண்டி வாடகை, டீசல், நண்பர் பைக்கில் போய்வந்த பெட்ரோல் ஆகியவை வீட்டார் செலவு. கேட்கும்வரை காத்திருக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

தூக்கும்போது

வழியும் வரிசையும் சொல்ல ஒருவர் போதும். ஆளுக்கு ஒன்று சொன்னால் படிக்கட்டில் விரல் நசுங்கும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது பாதுகாப்பு. ஃபிரிட்ஜை நிற்க வைத்தே கொண்டுபோக வேண்டும். படுக்க வைக்க நேர்ந்தால் சில மணி நேரம் நிற்கவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். சமையல் சிலிண்டரில் உள்ள எரிவாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பின் எடை தனி. ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, நிமிர்த்தி எடுத்துச் செல்ல வேண்டும். புது வீட்டில் விளக்கேற்றியிருந்தால் சிலிண்டரை அதன் அருகே வைக்கக் கூடாது.

நண்பர் கைதவறி ஒரு பொருள் உடைந்தால் வீட்டார் அதைப் பெரிதாக்கக் கூடாது. உடைத்தவரும் மறைக்காமல் அப்போதே சொல்லிவிட வேண்டும். நண்பருக்கு அடிபட்டால் மருத்துவச் செலவு வீட்டாருடையது. உடைந்தால் தாங்க முடியாத பொருளை லோடுமேனிடம் கூலி பேசி ஒப்படைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

சாப்பாடு, கூலி, வாயடக்கம்

தொடங்கும் முன் டீ, நடுவில் தண்ணீரும் மோரும், முடிந்ததும் வயிறார சாப்பாடு: இது கட்டாயம். பால் காய்ச்சிய அன்று வீட்டில் அசைவம் சேர்க்காதவர்கள், பிரியாணி விருந்தை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். வேலை முடியும்வரை மது கூடாது. படிக்கட்டில் ஒருவர் தடுமாறினால் கீழே பிடித்திருப்பவரின் கால் போகும்.

நண்பருக்குக் கூலி கொடுப்பது அவரைப் புண்படுத்தலாம். ஆனால் தினக்கூலியை விட்டு வந்தவருக்கு அந்த நாளின் சம்பளத்தைக் கட்டாயப்படுத்திக் கொடுப்பதே நியாயம். லோடுமேனோடு பேசிய தொகையைக் கடைசியில் குறைக்கக் கூடாது.

வீடு மாறும்போது ஒரு குடும்பத்தின் வறுமையும் கடனும் பிறர் கண்ணில் படும். கிழிந்த மெத்தையையும், நோட்டீஸ் கடிதத்தையும், காலிப் பாட்டிலையும் பார்த்தவர் வெளியே வாய் திறக்கக் கூடாது. உதவிக்கு வருகிறவர் காக்க வேண்டிய முறைகளில் இதுவே முதன்மையானது.

தெருவே மாறும்போது

ஒரு குடும்பம் மட்டுமல்லாமல், மொத்தத் தெருவும் இடம்பெயர்ந்த அனுபவம் வடசென்னைக்கு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரக் குடும்பங்கள் பல எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்குப் போயின. பழுதடைந்த அரசு வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும்போதும் ஒரு பிளாக்கில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் காலி செய்ய வேண்டியிருக்கிறது. அப்போது எல்லார் கையிலும் சொந்தச் சாமான் இருக்கும். தனியாக வாழும் முதியவர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி ஆகியோரின் சாமானை முதலில் இறக்கிவிட்டு, பிறகு முறை வைத்து ஒவ்வொரு வீடாக ஏற்றுவதே அங்கே பொருந்தும் ஒழுங்கு.

பழைய வீட்டைப் பெருக்கி, மின் கட்டணம் கட்டி, அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினால் வீட்டாரின் கடமையில் ஒரு பாதி முடிகிறது. அன்று வந்து தோள் கொடுத்தவர் வீடு மாறும்போது, அவர் கூப்பிடும் முன்பே போய் நின்றால்தான் மறுபாதியும் முடிகிறது.