ஒரு பகல், இரண்டு பருவக்காற்று

ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ வந்து இறங்கும் பலருக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு பகல். சிவனொளிபாதமலை ஏறி இறங்கியவர்கள் அடுத்து கதிர்காமம் போக வேண்டும். கொழும்புக்கு வேலையாக வந்தவர்கள் மறுநாள் விமானம் ஏற வேண்டும். கிரகரி வாவி, விக்டோரியா பூங்கா, சீதா எலிய கோயில், ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்று அந்தப் பகலைக் கூறு போட்டுத் தீர்ப்பதே வழக்கம். என்னைக் கேட்டால், ஹட்டனில் ரயிலேறி அப்புத்தளை வரை போய் வரச் சொல்வேன். ஒரு வழிக்குச் சுமார் மூன்று மணி நேரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான நாளாக இருந்தால், மழையில் ஏறி வெயிலில் இறங்கலாம்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் சில மணி நேரம் மட்டுமே தங்குகிறவர்கள் இதை முயல வேண்டாம். அங்கிருந்து மலைக்கு வந்து சேரவே ஐந்தாறு மணி நேரம் போய்விடும். முதல்நாள் இரவே ஹட்டனில் இருக்க வேண்டும். மண்சரிவு பாதையை மறிக்கும் காலங்களும் உண்டு என்பதால் நிலையத்தில் விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

இந்தத் தண்டவாளம் 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் தொட்டது. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. 44 அடி ஓடினால் ஓரடி உயரும் ஏற்றம். ஆகவே ரயில் ஊர்ந்துதான் போகும். மலையைப் பார்க்க வந்தவருக்கு அது வசதி. ஹட்டனைச் சுற்றியே தண்ணீர் இரு திசை பிரிகிறது. டிக்கோயாப் பக்கம் பெய்யும் மழை காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கையில் கலந்து கொழும்பருகே கடலடையும். கொட்டகலையில் பெய்வது கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியோடு திருகோணமலைக்குப் போகும்.

சிங்கமலைச் சுரங்கம், தலவாக்கலை, நானுஓயா, அம்பேவெல எனப் பாதை ஏறிக்கொண்டே போகிறது. இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலவைத் தாண்டியதும், 1,898 மீட்டரில் பாதை உச்சி தொடுகிறது. அங்கே ஒரு சுரங்கம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பட்டிப்பொலவில் சன்னல் கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருக்கும். சுரங்கம் கடந்து ஓஹிய பக்கம் வந்தால் பல நாட்களில் மேகம் கலைந்து, மலையடிவாரச் சமவெளி வெகுதூரம் விரிந்து கிடக்கும்.

இதற்குக் காரணம் காற்று மலையேறும் விதம். அரபிக்கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று சரிவில் ஏறும்போது, மேலே அழுத்தம் குறைவதால் விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. ஈரம் நீராவியாகவே இருக்கும் வரை ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் குளிரும். மேகம் திரளத் தொடங்கியதும் கதை மாறுகிறது. நீராவி துளியாகும்போது தனக்குள் வைத்திருந்த வெப்பத்தைக் காற்றுக்கே திருப்பித் தருகிறது. அதனால் அதற்கு மேல் ஆயிரம் மீட்டருக்கு ஆறு பாகை அளவே குறைகிறது. மழையை இந்தப் பக்கமே கொட்டிவிட்டு உச்சி கடக்கும் காற்றில் துளியாக்க அதிகம் மிச்சமில்லை. அது இறங்கும்போது ஆயிரம் மீட்டருக்கு 10 பாகை முழுதாகச் சூடேறுகிறது.

ஓர் எளிய கணக்கு: கடலருகே 28 பாகையில் புறப்பட்ட காற்று 600 மீட்டரில் 22 பாகையில் மேகமாகி, 2,000 மீட்டர் உச்சியில் சுமார் 14 பாகையாகிறது. மறுபுறம் பதுளையின் உயரமான ஏறக்குறைய 700 மீட்டருக்கு இறங்கும்போது அது 27 பாகை. ஏறும்போது அதே உயரத்தில் 21 பாகைக்குச் சற்று மேல்தான். மலையைக் கடந்த ஒரே காரணத்தால் காற்றுக்கு ஐந்து பாகைக்கு மேல் கூடிவிட்டது! நிஜ மலையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது என்றாலும் போக்கு இதுதான். மட்டக்களப்பில் ஆனி, ஆடியில் உடலை வறுக்கும் கச்சான் காற்று, ஹட்டனில் மழை பெய்துவிட்டுப் போன அதே காற்றுதான். ஆல்ப்ஸ் மலையின் வடபுறத்திலும் இப்படியொரு வெப்பக்காற்று இறங்குகிறது.

மழைக்கும் வெயிலுக்கும் இடையிலான இந்த எல்லையைத் தேயிலைச் செடியும் அறியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை, அப்புத்தளையும் பதுளையும் அடங்கிய ஊவாச் சரிவில் காய்ந்த காற்று வீசும்போது செடி வாட்டத்தில் மெதுவாக வளர்கிறது. கொழுந்தில் வாசனைப் பொருட்கள் செறிகின்றன. அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட். வலித் தைலங்களில் மணப்பதும் இதுவே. ஊவாத் தேநீரின் அந்தக் குளிர்ச்சியான காரம் அதிலிருந்து வருகிறது. அதே மாதங்களில் ஹட்டன், தலவாக்கலையை உள்ளடக்கிய திம்புள்ளப் பகுதி மழையில் நனைந்து கொழுந்தை அள்ளித் தருகிறது, மணம் சாதாரணம். ஜனவரி முதல் மார்ச் வரை எல்லாம் தலைகீழ். வடகிழக்குக் காற்று ஊவாவை நனைத்துவிட்டு இந்தப் பக்கம் வறண்டு இறங்கும். திம்புள்ளவின் நல்ல தேயிலை அப்போதுதான் கிடைக்கும். ஆகவே பிப்ரவரியில் வருகிறவர் இதே ரயிலை எதிர்த்திசையில், பதுளையிலிருந்து ஹட்டனுக்கு, பிடிக்கட்டும். அக்டோபர், நவம்பரில் வருகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. பருவங்களுக்கு இடைப்பட்ட அக்காலத்தில் பிற்பகல் இடிமழை இரு சரிவிலும் பெய்யும்.

ரயில் சீட்டு கிடைக்காதவர்கள் நுவரெலியாவிலிருந்து வெலிமடை பஸ் ஏறலாம். 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய ஹக்கல தாவரத் தோட்டத்தைத் தாண்டியதும், ஈரக்காடு விலகி வறண்ட புல்மேடு தொடங்குவது கண்ணுக்கே தெரியும்.

வழியில் இறங்க முடிந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே சற்று நில்லுங்கள். ஏலத்தில் நல்ல விலை பெறும் மணம் செடியின் வாட்டத்திலிருந்து வருகிறது. வாடிய செடியில் கொழுந்து குறைவு. இத்தனை கிலோ என்று தோட்டம் கேட்கும் அளவு பறிக்க முடியாத நாளில், கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குச் செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், விழுவது அரைப்பேர்: அரைநாள் கூலி.