காருக்குள் காற்று எந்தப் பக்கம்?

விருதுநகர் மாவட்டம் பாளையம்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியை முழு வேகத்தில் வைக்கிறோம். அடைந்து கிடக்கும் காற்று வெளிவெயிலைவிடச் சூடு. கண்ணாடிகளை இறக்கி ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு ஏசி போட்டால் சீக்கிரம் குளிரும்.

குளிர்ந்தபின், காருக்குள் அம்புக்குறி வளைந்து திரும்பும் படம் போட்ட பொத்தானை அழுத்தலாம். உள்காற்றே சுற்றும், கரிசல் புழுதியும் லாரிப் புகையும் வராது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஐந்து பேர் மூச்சுவிடும் அடைத்த காரில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். தலை கனக்கும், கொட்டாவி வரும். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் கண் சொருகினால் சாப்பாட்டு மயக்கம் என்று பழியைச் சோற்றின்மேல் போடுகிறோம். அரை மணிக்கு ஒருமுறை சில நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள்.

ஐப்பசி மழையில் முன்கண்ணாடி மங்கினால் வைப்பரைப் போட்டுப் பாருங்கள். அழியாவிட்டால் மங்கல் உள்பக்கம்: ஏசியோடு வெளிக்காற்றை வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். அழிந்தால் வெளிப்பக்கம்: குளிர்காற்று கண்ணாடியில் படாமல் திருப்புங்கள்.

நிறுத்திய காரில் என்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்கவே கூடாது. புகைக்குழாய் கசிந்தால் உள்ளே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எந்தக் குறை சொன்னாலும் "கேஸ் இறங்கிருச்சு" என்பார்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்வதில்லை, கசிந்தால்தான் குறையும். "லீக் எங்கே, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காற்று குளிராமல் வருவது வேறு, காற்றே குறைவாக வருவது வேறு. இரண்டாவதற்கு முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டுப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கழற்றித் தட்டினால் புழுதியும் சருகும் கொட்டும். நம் ஊர்ப் புழுதிக்குக் கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றுவது நல்லது.

வாரண்டி உள்ள காரென்றால் ஜாப் கார்டில் குறையை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது. சரிசெய்யாமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகாருக்கான காரணம் எழுந்த 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. மதுரையில் வாங்கிய காராக இருந்தாலும் பாளையம்பட்டிக்காரர் விருதுநகர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை.