மூன்று ‘ள்’களும் ஒன்றல்ல: சைக்கிள் ரியூப்பில் வெட்டும் எழுத்துரு

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இப்படியான போராட்டங்களில் இரண்டு வகைப் பதாகைகளைப் பார்த்துவருகிறேன். ஒன்று, கணினியில் அடித்து அச்சிட்டது. மற்றது, மட்டையில் கையால் எழுதியது.

‘எங்கே எங்கள் பிள்ளைகள்?’ என்று கையால் எழுதினால், அதில் மூன்று தடவை வரும் ‘ள்’ மூன்று விதமாக இருக்கும். கை களைத்ததும், இடம் போதாமல் எழுத்தை ஒடுக்கியதும் தெரியும். கணினியில் அடித்தால் மூன்றும் ஒரே அச்சு. இந்த வித்தியாசத்தை ஓர் எழுத்துருவுக்குள் கொண்டுவர முடியுமா என்று பார்க்கத்தான் சில மாதங்களாக சைக்கிள் ரியூப்பில் எழுத்து வெட்டுகிறேன்.

எழுதும் கருவியும் எழுதப்படும் பொருளும் எழுத்தின் தோற்றத்தை மாற்றும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பொருளாதாரத் தடைக்காலத்தில் கொப்பித் தாளில் அச்சான பத்திரிகையை வாசித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் ரியூப்பைத் தேர்ந்தது, ஒவ்வொரு இடப்பெயர்விலும் சைக்கிள் எங்களோடு வந்தது என்பதால்.

தமிழில் எழுத்துகள் 247. அத்தனையையும் வெட்ட வேண்டியதில்லை. ‘கா’வில் வரும் கால், ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் வரும் கொம்புகள் என நான்கு குறிகளும் எல்லா மெய்களோடும் சேரும். ‘கி, கீ, கு, கூ’ வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டிவிடுவதால் அந்த 72ஐயும் தனித்தனியே வெட்ட வேண்டும். உயிர் 12, ஆய்தம் 1, ‘க’ முதலான 18, புள்ளி வைத்த 18 ஆகியவற்றையும் சேர்த்தால் 125 துண்டுகள். ‘கௌ’வுக்கு ‘ள’வையே பயன்படுத்தலாம்.

ரியூப்பைப் பிளந்து, கழுவி, விரித்து, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத்தை இடம்வலம் மாற்றி வரைந்து பிளேட்டால் வெட்டுகிறேன். அதைப் பலகைத் துண்டில் ஒட்டி, ஒருமுறை மை தடவி, தாளில் மூன்று முறை அழுத்துகிறேன். முதலாவது நல்ல கறுப்பாக விழும். மூன்றாவதில் மை வற்றி, இடையிடையே வெள்ளை தெரியும்.

மூன்றையும் ஸ்கேன் செய்து, கணினியில் விளிம்புக்கோடுகளாக மாற்றி, எழுத்துருவில் அந்தந்த எழுத்துக்குரிய இடத்தில் பொருத்த வேண்டும். விளிம்பில் உள்ள பிசிறுகளைத் திருத்துவதில்லை. பிறகு, ஒரே எழுத்து திரும்ப வரும்போது மூன்று வடிவங்களையும் மாறி மாறி எடுக்கும்படி எழுத்துருவுக்குள் விதி எழுதுகிறேன். ஓப்பன்டைப் எழுத்துருக்களில் இதற்கு வசதி உண்டு.

மனுக்களுக்கும் நீண்ட பட்டியல்களுக்கும் இது உதவாது. அங்கே தெளிவான சாதாரண எழுத்துருவே வேண்டும். ஒரு பெயரைத் தனியே, பெரிதாக எழுத வேண்டிய இடத்துக்காக இதைச் செய்கிறேன். பட்டியலில் நூறாவது ஆளாக வரும் பெயருக்கும் ஒரு முகம் இருக்க வேண்டும்.

ஆனாலும் நான்காவது ‘ள்’ வரும்போது முதலாவதே திரும்பி வரும். ஒரு தாய் தன் கையால் எழுதிய பெயருக்கு இது ஈடாகாது. அந்த மட்டைகள் வெயிலிலும் மழையிலும் அழிகின்றன. அவற்றைப் பிடித்திருந்த பெற்றோரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் அப்படியொரு பதாகை இருந்தால், நல்ல வெளிச்சத்தில் நேராகப் படமெடுத்து வையுங்கள். ரியூப்பில் எழுத்தை எத்தனை தடவையும் வெட்டலாம். அந்தக் கையெழுத்துக்கு வேறு பிரதி கிடையாது.