கையடக்கப் பெட்டிக்குள் ஒரு மாவீரன்



கையில் பிடித்து ஆடும் மின்னியல் விளையாட்டுகள் நம் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. முகமூடி அணிந்த வீரன் ஒருவன் திரையில் ஓடுகிறான், தாவுகிறான், பகைவரை வீழ்த்துகிறான். பிள்ளைகளோ சோறு தண்ணீரை மறந்து அதில் மூழ்கிவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால், பெற்றோர்களாகிய நாம் ஒன்று அதைக் கண்டு அஞ்சுகிறோம். இல்லையென்றால் பிள்ளை தொல்லை கொடுக்காமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் சரியல்ல. ஒரு பொருளின் இயக்கத்தை அறிந்தவரே அதை அளவோடு ஆள முடியும். ஆகவே, இன்று பழைய விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

ஜப்பானின் கியோத்தோ நகரில் 1889-ஆம் ஆண்டு சீட்டுக்கட்டு செய்யும் நிறுவனமாகத் தொடங்கப்பட்டது நிண்டெண்டோ. அங்கே 1965-இல் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். இரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததை அவர் கண்டார். சட்டைப் பையில் அடங்கும் விளையாட்டுக் கருவி செய்தால் என்ன என்ற எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1980-இல் அத்தகைய கருவிகள் விற்பனைக்கு வந்தன. 1989-இல் வந்தது 'கேம் பாய்'.

கேம் பாய் உருவானபோது வண்ணத் திரையும் இருக்கத்தான் செய்தது. ஆயினும், பலகாலம் பழகி விலை குறைந்துபோன உறுப்புகளையே புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. அதனால் கேம் பாயின் திரையில் நான்கே சாயல்கள் இருந்தன. திரைக்கென்று விளக்கும் இல்லை. ஆனால் நான்கு சிறு பேட்டரிகளில் அது பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. 1990-இல் சேகா நிறுவனம் ஒளிவிடும் வண்ணத் திரையோடு போட்டிக்குக் கொண்டுவந்த 'கேம் கியர்', ஆறு பேட்டரிகளையும் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டது. கேம் பாயும் அதன் வண்ணத் திரைத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்றன. பகட்டைவிடச் சிக்கனமே வென்றது.

அந்தப் பெட்டிக்கென்று 1990-இல் ஜப்பானின் சன்சாஃப்ட் நிறுவனம் 'பேட்மேன்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பேட்மேன் 1939-இல் அமெரிக்கச் சித்திரக்கதையில் பிறந்த வௌவால் வீரன். 1989-இல் வெளிவந்த அவனைப் பற்றிய திரைப்படத்தைத் தழுவியே இந்த விளையாட்டு அமைந்தது. இரசாயனத் தொழிற்சாலை, அருங்காட்சியகம் என்று கடந்துசென்று, இறுதியில் ஜோக்கர் என்னும் கொடியவனை அவன் வெல்ல வேண்டும்.

சரி, அவன் எப்படி ஓடுகிறான்? கேம் பாயின் திரை, அகலத்தில் 160, உயரத்தில் 144, ஆக மொத்தம் 23,040 புள்ளிகள் கொண்டது. தரையில் ஓடு பதிப்பதுபோல், எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு துண்டுகளை அடுக்கித்தான் சுவரும் தரையும் வானமும் அதில் வரையப்படுகின்றன. திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. வீரன் வலப்பக்கம் ஓடுவதாக நாம் காண்கிறோம். பெரும்பாலும் அவன் நடுவிலேயே நிற்க, பின்னால் உள்ள காட்சிதான் இடப்பக்கம் நகர்கிறது. ஓடும் இரயிலில் இருந்து பார்த்தால் மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோல் தெரிகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

தாவுவதும் வெறும் கணக்கே. பொத்தானை அழுத்தியதும் வீரன் முதலில் நான்கு புள்ளி உயர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கணம் மூன்று, பிறகு இரண்டு, ஒன்று என்று ஏற்றம் குறைகிறது. பின்னர் அதே கணக்கில் இறங்குகிறான். பகைவனின் கட்டமும் வீரனின் கட்டமும் ஒன்றோடொன்று மோதினால் உயிர்க் கணக்கில் ஒன்று குறைகிறது. அவ்வளவுதான்! அங்கே வலியும் இல்லை, இரத்தமும் இல்லை. இருப்பவை எண்களும் விதிகளும் மட்டுமே.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சித்திரக்கதையில் பேட்மேனின் பெற்றோர் துப்பாக்கிக்குப் பலியானவர்கள். அதனால் அவன் துப்பாக்கியை வெறுப்பவன் என்றே பெயர் பெற்றவன். ஆனால் கேம் பாய் விளையாட்டில் அவன் சுட்டுக்கொண்டேதான் முன்னேறுகிறான்! ஆக, வீரனின் பெயரை மட்டும் பார்த்து ஒரு விளையாட்டை நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவு கட்டக் கூடாது. "உன் வீரன் இதில் என்ன செய்கிறான்? எதற்காகச் செய்கிறான்?" என்று பிள்ளையிடம் கேட்போம். அவன் ஆர்வத்தோடு விளக்குவான். அந்தப் பேச்சிலேயே நல்லது எது, தகாதது எது என்பதை எடுத்துச் சொல்ல நமக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

இன்னொன்று, நிறுத்தும் வேளை. அக்காலக் கார்ட்ரிட்ஜுகள் பலவற்றில், விட்ட இடத்தை நினைவில் வைக்கும் வசதி கிடையாது. பாதியில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'அணை' என்றதும் பிள்ளை அழுததற்கு அதுவும் ஒரு காரணம். தோற்றுத் தோற்றுக் கற்ற பாடம் ஒரு நொடியில் வீணாகிறதே! இன்றைய விளையாட்டுகளிலும் இடையில் நிறுத்தினால் சிலவற்றில் ஆட்டம் கைவிட்டுப் போகிறது. ஆகவே தொடங்கும்போதே, "இத்தனை ஆட்டம், அதோடு நிறுத்த வேண்டும்" என்று பேசி முடிவு செய்வது நல்லது. சொன்ன சொல்லைப் பிள்ளையும் காக்க வேண்டும். நாமும் காக்க வேண்டும்.

கடைசியாக, பணம். பழைய பேட்மேனை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். ஜோக்கரை வென்றதும் கதை முடிந்தது, பெட்டியை வைத்துவிடலாம். இன்று கைப்பேசியில் இலவசமாக வரும் வீர விளையாட்டுகளில் பல, முடிவே இல்லாதவை. வீரனுக்குப் புதிய உடை, புதிய ஆற்றல் என்று காட்டி, நடுநடுவே காசு கேட்கின்றன. இன்ன பொருள் கிடைக்கும் என்று தெரியாமலே பணம் கட்டித் திறக்கும் பெட்டிகளும் அவற்றில் உண்டு. அறியாப் பிள்ளை ஒரு பொத்தானைத் தட்டினால், வியர்வை சிந்திச் சம்பாதித்த கூலி நொடியில் போய்விடும். பணம் செலுத்துமுன் கடவுச்சொல் கேட்கும்படி கைப்பேசியில் அமைத்துவைக்கலாம். அந்தக் கடவுச்சொல் பெரியவர்களிடம் மட்டுமே இருக்கட்டும். அமைக்கத் தெரியாவிட்டால், விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு இன்றே அதைச் செய்துகொள்வோம்.

திரைக்குள் இருக்கும் வீரன் தானாக ஒன்றும் செய்வதில்லை. யாரோ எழுதிய விதிப்படியே நகர்கிறான். அவனுக்கு விதி எழுதியவர்கள் எங்கோ இருக்கிறார்கள். விளையாடும் பிள்ளைக்கு அன்போடு ஒரு விதி வகுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நாம்தாம்.